கொரோனா நுரையீரல் நோய்தானே, இருதயம் ஏன் நின்றது?



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, தவணைக் கணக்கெல்லாம் பேசி முடித்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் நேரம். பின்வரிசையில் இருந்த ஒரு சகோதரி எழுந்து நின்றார். "கணக்கு விஷயம் இல்ல. எனக்கு ஒரு சந்தேகம், கேக்கலாமா?" என்றார். கேளுங்கம்மா என்றோம்.

"2021-ல ரெண்டாவது அலையில என் வீட்டுக்காரருக்குக் கொரோனா வந்துச்சு. நாலு நாள் வீட்டிலேயே கஷாயம் வச்சுக் குடுத்தேன். அப்புறம் மூச்சு முட்டவும் ஆஸ்பத்திரியில சேத்தோம். நுரையீரல் முழுக்கப் பரவிடுச்சுன்னு சொல்லி ஆக்சிஜன் வச்சாங்க. ஒன்பதாம் நாள் போயிட்டாரு. கேட்டா, இருதயம் பாதிச்சிடுச்சும்மா, காப்பாத்த முடியலன்னாங்க. அந்த மனுஷனுக்கு அதுவரைக்கும் நெஞ்சுவலின்னு ஒருநாள் வந்ததில்ல. சுகர் மட்டும்தான் இருந்துச்சு. நுரையீரல் நோய்க்குப் போனவருக்கு இருதயம் எப்படி நின்னுச்சு? ஊர்ல ஆளுக்கொண்ணு பேசுறாங்க. என் மாமியாரு இன்னிக்கும் நான்தான் நாலு நாள் வீட்டில வச்சிருந்து கொன்னுட்டேன்னு சொல்லிக் காட்டுறாங்க."

கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. அன்று எங்களிடம் பதில் இல்லை. அடுத்த இதழில் எழுதுகிறோம் என்று மட்டும் சொன்னோம். பல குடும்பங்களில் இதே கேள்வி இன்னும் கிடக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் புரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் நம் இருதயத்தைத் தெரிந்துகொள்வோம்

இருதயம் அவரவர் மூடிய கைப்பிடி அளவுதான் இருக்கும். முழுக்கத் தசையால் ஆனது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் தடவை துடிக்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை உடம்பு முழுக்கத் தள்ளுகிறது.

நுரையீரலும் இருதயமும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. நுரையீரல் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்து ரத்தத்தில் சேர்க்கிறது. அந்த ரத்தத்தை இருதயம் எல்லா உறுப்புக்கும் அனுப்புகிறது. இருதயத் தசைக்கும் அதே ஆக்சிஜன்தான் சாப்பாடு. ஆகவே நுரையீரல் படுத்துவிட்டால் இருதயமும் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

வூஹான் நகரத்தில் தெரிய வந்தது

கொரோனா முதன்முதலாக 2019-ஆம் ஆண்டுக் கடைசியில் சீனாவின் வூஹான் நகரத்தில் தெரிய வந்தது நமக்கெல்லாம் தெரியும். அந்த ஊரில் உள்ள ரென்மின் ஆஸ்பத்திரி டாக்டர்கள், 2020 ஜனவரி 20 முதல் பிப்ரவரி 10 வரை கொரோனாவுக்காகச் சேர்ந்த 416 நோயாளிகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்று வந்தவர்கள்தான். ஆனால் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 82 பேருக்கு இருதயத் தசையில் காயம் ஏற்பட்டிருந்தது. அதாவது ஐந்து பேரில் ஒருவருக்கு.

அடுத்த கணக்குதான் முக்கியமானது. இருதயத்தில் காயம் இல்லாத 334 பேரில் 15 பேர் இறந்தார்கள். காயம் இருந்த 82 பேரில் 42 பேர் இறந்துபோனார்கள். நூற்றுக்கணக்கில் சொன்னால், இருதயம் தப்பியவர்களில் 100-க்கு 4 அல்லது 5 பேர். இருதயம் காயப்பட்டவர்களில் 100-க்கு 51 பேர்.

இன்னொன்றும் தெரிந்தது. இருதயம் காயப்பட்ட 82 பேரில் 49 பேருக்கு ஏற்கெனவே பிரஷர் இருந்தது. காயம் இல்லாத 334 பேரில் பிரஷர் இருந்தவர்கள் 78 பேர்தான். காயப்பட்டவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்களாகவும் இருந்தார்கள். பிரஷர், சுகர், வயது, பழைய இருதய நோய் இவையெல்லாம் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது என்பது அப்போதே டாக்டர்களுக்குப் புரிந்துவிட்டது.

ஆகவே நம் சகோதரியிடம் ஆஸ்பத்திரியில் சொன்னது நடக்கக்கூடியதுதான். கொரோனா முற்றினால் நுரையீரலோடு நிற்பதில்லை.

இருதயம் எப்படிக் காயப்படுகிறது?

இதற்கு ஒரே காரணம் இல்லை. நான்கு காரணங்களைச் சொல்கிறார்கள். ஒரே நோயாளிக்கு இரண்டு மூன்று சேர்ந்தும் வரலாம்.

முதல் காரணம், ஆக்சிஜன் பற்றாக்குறை. கிணற்று மோட்டார் லோ வோல்டேஜில் ஓடினால் என்ன ஆகும்? முக்கி முக்கி ஓடி, சூடேறி, கடைசியில் காயில் எரிந்துபோகும். அதேபோல ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் இருதயம் அதை ஈடுகட்ட வேகவேகமாகத் துடிக்கிறது. காய்ச்சலும் சேர்ந்து துடிப்பைக் கூட்டுகிறது. வேலை கூடிவிட்டது, சாப்பாடு குறைந்துவிட்டது. இப்படியே பல நாள் போனால் தசை காயப்படுகிறது.

இரண்டாவது, ரத்தம் உறைவது. கடும் கொரோனாவில் ரத்தக்குழாயின் உள்சுவர் புண்ணாகி, பால் திரிவதுபோல ரத்தம் ஆங்காங்கே கட்டிப்படுகிறது. இருதயத்துக்குப் போகும் குழாயில் கட்டி அடைத்தால் மாரடைப்பு. நுரையீரல் குழாயில் அடைத்தால், அந்த அடைப்பை மீறி ரத்தத்தைத் தள்ள முடியாமல் இருதயத்தின் வலது பக்கம் திணறுகிறது. மூளைக்குப் போகும் குழாயில் அடைத்தால் பக்கவாதம்.

மூன்றாவது, கிருமியே இருதயத்தைத் தாக்குவது. கொரோனா கிருமி நம் செல்லுக்குள் நுழைய ஏசிஇ-2 என்ற புரதத்தைக் கதவாகப் பயன்படுத்துகிறது. இந்தக் கதவு நுரையீரலில் மட்டும் இல்லை. இருதயத்திலும் ரத்தக்குழாயிலும் உண்டு. ஆனால் இறந்தவர்களின் இருதயத்தைச் சோதித்துப் பார்த்தபோது, கிருமி நேரடியாகப் புகுந்து இருதயத் தசை முழுக்க அழற்சி உண்டான நிலை சிலரிடம்தான் இருந்தது. அதனால் இதை மட்டுமே காரணமாகச் சொல்ல முடியாது.

நான்காவது காரணம்தான் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியது. அது நம் உடம்பின் சொந்தப் படையே செய்யும் சேதம்.

அழற்சி என்றால் என்ன?

விரலில் முள் குத்தினால் மறுநாள் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, விண்விண் என்று தெறிக்கும். இதுதான் அழற்சி. உள்ளே புகுந்ததை விரட்ட நம் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புச் செல்கள் அங்கே கூடிவிட்டன என்று அர்த்தம். இது நல்லதுதான். இது இல்லாவிட்டால் சின்னப் புண்ணும் ஆறாது.

கடும் கொரோனாவில் இது ஓர் இடத்தோடு நிற்காமல் உடம்பு முழுக்க வந்துவிடுகிறது. காட்டுப்பன்றி கடலைக் கொல்லைக்குள் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் தடி எடுத்துப் போனால் விரட்டிவிடலாம். ஊரே திரண்டு தடியோடு இறங்கினால்? பன்றி ஓடிவிடும்; ஆனால் கொல்லை முழுக்க மிதிபட்டுக் கிடக்கும். பன்றி தின்றதைவிட ஆட்கள் மிதித்ததே அதிகமாக இருக்கும்.

எதிர்ப்புச் செல்கள் ஒன்றையொன்று கூப்பிட சைட்டோகைன் என்ற பொருட்களை ரத்தத்தில் விடுகின்றன. அளவோடு இருந்தால் அது உதவிக் குரல். அளவு மீறினால் ஊரைக் கூட்டும் தண்டோரா. டாக்டர்கள் இதை சைட்டோகைன் புயல் என்கிறார்கள். இந்தப் புயலில் இருதயத் தசை சோர்ந்துபோகிறது, துடிப்பு தாறுமாறாகிறது, ரத்தம் இன்னும் அதிகமாக உறைகிறது.

இது பெரும்பாலும் நோய் தொடங்கி ஒரு வாரம், பத்து நாள் வாக்கில் வருவது. "முதல் வாரம் நல்லாத்தான் இருந்தாரு, காய்ச்சல்கூட குறைஞ்சிடுச்சு, திடீர்னு மோசமாயிடுச்சு" என்று பல வீடுகளில் சொன்னது இதனால்தான். யாரும் ஏமாற்றவில்லை. நோயின் போக்கே அப்படி இருந்தது.

டாக்டர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இருதயத் தசைக்குள் ட்ரோபோனின் என்ற புரதம் இருக்கிறது. தசை காயப்பட்டால் அது ரத்தத்தில் கசியும். பானையில் விரிசல் விட்டால் வெளியே ஈரம் தெரிகிற மாதிரி. ரத்தப் பரிசோதனையில் இந்த ட்ரோபோனின் கூடியிருந்தால் இருதயத்தில் காயம் என்று தெரிந்துகொள்வார்கள். வூஹானில் அந்த 82 பேரைக் கண்டுபிடித்தது இப்படி ரத்தத்தைப் பார்த்துத்தான்.

துடிப்பின் ஒழுங்கைப் பார்க்க ஈ.சி.ஜி. எடுப்பார்கள். இருதயம் எவ்வளவு பலமாகச் சுருங்கி விரிகிறது என்று பார்க்க எக்கோ எடுப்பார்கள். இரண்டும் வலிக்காது. பயப்பட வேண்டியதில்லை.

விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியை நாம் எல்லோரும் அந்த நாட்களில் பார்த்திருக்கிறோம். அது 94-க்குக் கீழே காட்டினால் உடனே டாக்டரிடம் போகச் சொன்னார்கள். இந்தக் கிருமிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஆக்சிஜன் நன்றாகக் குறைந்த பிறகும் சிலருக்கு மூச்சு வாங்குவதே தெரியாது. நோயாளி திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். உள்ளே இருதயம் லோ வோல்டேஜில் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மருந்து எப்போது காப்பாற்றும், எப்போது கெடுக்கும்?

இங்கிலாந்தில் ரெக்கவரி என்ற பெயரில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை 2,104 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். இது பழைய மருந்து, விலையும் குறைவு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,321 பேரோடு ஒப்பிட்டார்கள். 2020 ஜூன் மாதம் முடிவு வந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில், இந்த மருந்து இல்லாமல் 100-க்கு 41 பேர் இறந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 29 பேர். ஆக்சிஜன் மட்டும் வைத்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாத நிலையில் இருந்தவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்? ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும் மருந்து. ஊரே கொல்லையில் இறங்கி மிதிக்கும்போது அவர்களை வெளியே கூப்பிட்டால் பயிர் பிழைக்கும். பன்றி புகுந்த முதல் நாளே காவல்காரர்களைப் படுக்க அனுப்பிவிட்டால் பன்றிக்குத்தான் கொண்டாட்டம்.

2021-ல் நம் பக்கத்திலும் காய்ச்சல் வந்த முதல் நாளே மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டவர்கள் உண்டு. அது சுகரை ஏற்றிவிடும். சுகர் கட்டுப்பாடில்லாமல் ஸ்டீராய்டும் சேர்ந்தவர்களைத்தான் அந்த வருடம் கருப்புப் பூஞ்சை நோய் அதிகம் தாக்கியது. ஆகவே டாக்டர் சொல்லாமல் ஸ்டீராய்டு கூடாது.

ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். "எதுக்கு வயித்துல ஊசி போடுறாங்க" என்று நம்மில் பலர் கேட்டது இதைத்தான்.

பிரஷர் மாத்திரை பற்றியும் ஒரு வதந்தி இருந்தது. 2020 தொடக்கத்தில், சில வகைப் பிரஷர் மாத்திரைகள் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுமோ என்று டாக்டர்களுக்கே சந்தேகம் இருந்தது. பிரேசில் நாட்டில் இந்த மாத்திரை சாப்பிட்டுவந்த 659 கொரோனா நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்தியதால் எந்த நன்மையும் இல்லை என்று தெரிந்தது. ஆகவே காய்ச்சல் வந்தாலும் பிரஷர், சுகர், இருதய மாத்திரைகளை நாமாக நிறுத்தக் கூடாது.

குணமாகி வீட்டுக்கு வந்த பிறகு

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தோம். அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தோம். ஆனால் சேதம் ஆறக் காலம் பிடிக்கும். பன்றி போன பிறகும் மிதிபட்ட பயிர் ஒரே நாளில் நிமிர்வதில்லை.

அமெரிக்காவில் கொரோனா வந்து தேறிய 1,53,760 முன்னாள் படைவீரர்களின் ஒரு வருட விவரங்களை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். கொரோனா வராதவர்களைவிட இவர்களில் 1,000 பேருக்குச் சுமார் 12 பேர் கூடுதலாக இருதயம் பலவீனமாகி ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாத நிலைக்கு வந்திருந்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும்கூடக் கூடியிருந்தன. ஐ.சி.யு.-வில் இருந்தவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். வீட்டிலேயே இருந்து தேறியவர்களுக்கும் கொஞ்சம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதால் அந்த எண்ணிக்கையை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் எச்சரிக்கை நமக்கும் பொருந்தும்.

இருதயத் தசை அழற்சி வந்தவர்கள் மூன்று முதல் ஆறு மாதம் வரை கடுமையான வேலை செய்யக் கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நம் பெண்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். "படுத்தா யாரு தண்ணி தூக்குறது, யாரு நாத்து நடப் போறது?" என்ற பேச்சுதான் முதலில் வரும். நம் குழுக்கள் இங்கேதான் கைகொடுக்க வேண்டும். ஒருவர் படுத்தால் இரண்டு மாதத் தவணையைத் தள்ளி வைத்துத் தீர்மானம் போட நமக்கு அதிகாரம் இருக்கிறது. தவணைக்குப் பயந்து நெஞ்சு படபடப்போடு ஒருத்தி களையெடுக்கப் போகும்படி விடக் கூடாது.

பெண்களுக்கு அறிகுறி வேறு மாதிரி

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே விழுவது என்று சினிமாவில் பார்த்திருக்கிறோம். பெண்களுக்கும் நெஞ்சுவலி வரும். ஆனால் பல பெண்களுக்கு அதோடு சேர்ந்தோ, அது இல்லாமலோ தாடை வலி, முதுகு வலி, தோள்பட்டை வலி, வாந்தி வருகிற மாதிரி இருப்பது, காரணமில்லாத அசதி, வியர்த்துக் கொட்டுவது என்று வரும். நாம் என்ன செய்கிறோம்? "வாயு புடிச்சுக்கிச்சு" என்று சொல்லி, பூண்டைச் சுட்டுத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். சுகர் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் மாரடைப்பு வரும். ஆகவே இதை வாயு என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும்.

குழந்தைகள் விஷயம்

குழந்தைகளுக்குக் கொரோனா பெரும்பாலும் லேசாகத்தான் வந்தது. ஆனால் அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு, கொரோனா வந்து போன 2 முதல் 6 வாரத்துக்குள் உடம்பு முழுக்க அழற்சி வந்து இருதயமும் பாதித்தது. 2020 ஏப்ரலில் இங்கிலாந்து டாக்டர்கள் முதலில் இதைச் சொன்னார்கள். விடாத காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, வயிற்றுவலி, வாந்தி, சோர்ந்து கிடப்பது ஆகியவை அறிகுறிகள். சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிட்டார்கள்.

"தடுப்பூசியாலதான் மாரடைப்பு வருதாமே?"

இந்தக் கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வருகிறது. மறைக்காமல் சொல்வோம். வெளிநாடுகளில் அதிகம் போடப்பட்ட பைசர், மாடர்னா தடுப்பூசிகளால் மிகச் சிலருக்கு, முக்கியமாக இளவயது ஆண்களுக்கு, இருதயத் தசை அழற்சி வந்தது உண்மை. அவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். நம் நாட்டில் பெருவாரியாகப் போட்டது கோவிஷீல்டும் கோவாக்சினும். கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அபூர்வமாக ரத்தம் உறையும் நோய் வந்ததும் உண்மை.

ஆனால் நல்லா இருந்த இளைஞர்கள் திடீரென்று இறந்தது தடுப்பூசியாலா? இதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023 மே முதல் ஆகஸ்ட் வரை நாடு முழுவதும் 47 ஆஸ்பத்திரிகள் மூலம் ஆராய்ந்தது. 18 முதல் 45 வயதுக்குள் திடீரென்று இறந்த 729 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். தடுப்பூசியால் ஆபத்து கூடவில்லை. இரண்டு ஊசியும் போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. ஆபத்தைக் கூட்டியவை வேறு. கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தது, குடும்பத்தில் ஏற்கெனவே திடீர் மரணம் நடந்தது, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளுக்குள் அளவுக்கு மீறிக் குடித்தது, போதைப்பொருள், மிகக் கடுமையான உடல் உழைப்பு ஆகியவை. ஊசியைக் குறை சொல்கிற பல வீடுகளில் பாட்டிலைப் பற்றிப் பேச்சே வருவதில்லை.

கொரோனாதான் போயிடுச்சே, இப்ப எதுக்கு?

2023 மே 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. ஆனால் கிருமி உலகத்தை விட்டுப் போய்விட்டதாகச் சொல்லவில்லை. கொரோனா மட்டுமல்ல, கடுமையான ஃப்ளூ காய்ச்சலும் நிமோனியாவும்கூட இருதயத்தைப் பாதிக்கும். காரணங்கள் ஏறக்குறைய இவையேதான். ஆகவே தெரிந்துகொண்டது வீண்போகாது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபோது, வீடுவீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கும் தன்னார்வலர்களாக நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். நாற்பது வயதுக்கு மேல் நமக்குப் பிரஷர் எவ்வளவு, சுகர் எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து.

நாம் செய்ய வேண்டியவை

1. சுகர், பிரஷர், இருதய நோய் உள்ள உறுப்பினர்கள் யார் யார் என்று ஊக்குநரும் பிரதிநிதியும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்தால் முதலில் கவனிக்க வேண்டியவர்கள் இவர்கள்தான்.

2. காய்ச்சலோடு மூச்சுத்திணறல், நெஞ்சில் பாரம், படபடப்பு, மயக்கம், உதடு நீலமாவது, பேச்சுத் தடுமாற்றம் இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

3. காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டாவது வாரம் முடியும் வரை கவனமாக இருங்கள்.

4. தேறிய பிறகு படி ஏறினால் இளைப்பு, கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, இருதயம் தாறுமாறாக அடிப்பது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, ஈ.சி.ஜி., எக்கோ தேவையா என்று கேளுங்கள்.

5. தினசரி மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லாமல் ஸ்டீராய்டு வாங்காதீர்கள்.

6. ஆஸ்பத்திரிச் சீட்டு, பரிசோதனை ரிப்போர்ட்டுகளைக் கிழித்துப் போடாமல் ஒரே பையில் வைத்திருங்கள். அடுத்த டாக்டருக்கு அதுதான் வழிகாட்டி.

அந்தச் சகோதரிக்கு

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினோம். "அப்ப நாலு நாள் முன்னாடியே போயிருந்தா பொழச்சிருப்பாரா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. சீக்கிரம் போவது நல்லதுதான். ஆனால் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் அந்த அலையில் இறந்தார்கள். இருதயம் காயப்பட்டவர்களில் பாதிப் பேரை வூஹான் ஆஸ்பத்திரியிலும் காப்பாற்ற முடியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் பிழைத்திருப்பாரா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளே நடந்ததைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாத நோய் அது. நீங்கள் தெரிந்து செய்த தப்பு எதுவும் இல்லை. அன்று யாரும் நமக்கு இதைச் சொல்லித் தரவில்லை. இவ்வளவுதான் எங்களால் சொல்ல முடிந்தது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புத்தகம் வந்ததும் எனக்கு ரெண்டா குடுங்க. ஒண்ணு என் மாமியாருக்குப் படிச்சுக் காட்டணும். அவங்களுக்கும் பிரஷர் இருக்கு" என்றார்.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத அக்காமார்களும் கேட்கட்டும். உங்கள் சந்தேகங்களை எழுதி ஊக்குநரிடம் கொடுத்தனுப்புங்கள்.